மா ஒட்டு ஏன் சேரவில்லை? அறிகுறியை வைத்துக் காரணம் பிடிக்கும் வழிமுறை

பெரியகுளம், தேவதானப்பட்டி, வத்தலக்குண்டு, அய்யம்பாளையம், ஆயக்குடி என்று பழனி மலையைச் சுற்றி எந்த ஊரில் கேட்டாலும், மா ஒட்டு பட்டுப்போனதற்கு முதலில் வரும் பதில் ஒன்றுதான்: "ரகத்துக்கும் வேருக்கும் ஒத்துக்கல." பெரும்பாலும் இது உண்மை இல்லை. ஒட்டு என்பது, கொட்டையிலிருந்து முளைத்த வேர்ச்செடியின் தலையை வெட்டி, அந்தத் தண்டில் நல்ல ரகத்தின் நுனிக்கிளையைக் குச்சியாகச் செருகிக் கட்டுவது. நீலம், செந்தூரம், பெங்களூரா, காசாலட்டு, கல்லாமை, இமாம் பசந்த், மல்கோவா, அல்போன்சா எல்லாமே ஒரே இனத்தைச் சேர்ந்தவை. கொட்டை போட்டு முளைக்க வைக்கும் நாட்டு மாவும் அதே இனம்தான். ஒரே இனத்துக்குள் ஒட்டு சேரவே மாட்டேன் என்பது அபூர்வம். மரம் எவ்வளவு பெரிதாகும், எப்போது காய்க்கும், உப்பைத் தாங்குமா என்பதெல்லாம் வேர்ச்செடியைப் பொறுத்து மாறும். ஒட்டுவதும் ஒட்டாததும் பெரும்பாலும் கத்தி, குச்சி, காற்று, கட்டு இவற்றின் விவகாரம்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. பழியை ரகத்தின் மேல் போட்டுவிட்டால், நல்ல வேர்ச்செடியைத் தூக்கி எறிந்துவிட்டு, அடுத்த வருடமும் அதே தவறோடு கட்டுவோம். அதனால் ஒவ்வாமையை, அதாவது ரகமும் வேரும் ஒத்துப்போகாததை, கடைசிக் காரணமாக வையுங்கள். மற்றதை எல்லாம் பார்த்து விலக்கிய பிறகு அதற்கு வாருங்கள்.

முதல் வேலையாக, ஒட்டு எத்தனையாவது நாளில் கெட்டது என்று பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைக்கும். 10 நாளுக்குள் கருகினால் குச்சியிலோ ஈரப்பதத்திலோ கோளாறு. துளிர்த்துவிட்டு 3, 4 வாரத்தில் வாடினால் சேர்க்கையே நடக்கவில்லை. 3 மாதத்துக்கு மேல் போய்க் கெட்டால் ஒட்டைச் சுற்றிய நாடா, அழுகல், நடவு ஆழம் ஆகியவற்றைச் சந்தேகப்படுங்கள். வருடம் கடந்து வரும் கோளாறில்தான் வேர்ச்செடியின் குணம் பேசத் தொடங்கும். ஆகவே கட்டிய தேதி, குச்சி எடுத்த தாய்மரம், கட்டியவர் பெயர் மூன்றையும் ஒவ்வொரு பாத்திக்கும் ஒரு அட்டையில் எழுதி மாட்டுங்கள். இந்த அட்டை இல்லாத நாற்றங்காலில் காரணம் தேடுவது வீண் வேலை.

10 நாளுக்குள் குச்சி கருகுகிறது

செத்த குச்சியை உருவி, நுனியிலிருந்து அடிவரை நீளவாக்கில் பிளந்து பாருங்கள். கருப்பு எந்தப் பக்கமிருந்து வந்திருக்கிறது என்பதுதான் கேள்வி.

நுனியில் தொடங்கி, கட்டைக்குள் பழுப்புக் கோடாகக் கீழே இறங்கியிருந்தால் அது நுனிக்கருகல் பூஞ்சணம். தாய்மரத்திலிருந்தே குச்சியோடு வந்திருக்கும். அந்த மரத்தில் காய்ந்த நுனிகள் உண்டா என்று போய்ப் பாருங்கள். இருந்தால் அந்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரத்தில் குச்சி எடுங்கள். எடுத்த குச்சியை லிட்டருக்கு 1 கிராம் கார்பன்டாசிம் கலந்த தண்ணீரில் 5 நிமிடம் முக்கி, நிழலில் ஈரம் வடியவிட்டுக் கட்டுங்கள். குச்சிக்குக் குச்சி கத்தியை ஸ்பிரிட்டில் துடைக்க வேண்டும்.

குச்சி முழுக்க ஒரே சீராகச் சுருங்கி, தோல் சுருக்கம் விழுந்து காய்ந்திருந்தால் பூஞ்சணம் இல்லை, ஈரம் போய்விட்டது. நம் பகுதியில் ஒட்டுக் கட்டும் காலமே ஆனி, ஆடி. கொட்டை கிடைப்பதும் அப்போதுதான், மேல்காற்று வறட்டு வறட்டென்று அடிப்பதும் அப்போதுதான். மலையின் வடக்குப் பக்கம், பாலசமுத்திரம், ஆயக்குடி, ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் இந்தக் காற்றில் நிழல்வலை மட்டும் போதாது. பந்தலின் மேற்குப் பக்கம் தரையிலிருந்து ஆள் உயரத்துக்கு வலையோ சாக்கோ கட்டித் தடுத்தாக வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் 20 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலமுள்ள மெல்லிய பாலித்தீன் உறையைக் குல்லாவாகப் போட்டு அடியில் கட்டுங்கள். உள்ளே ஆவி பூத்து நீர்த்துளி நிற்க வேண்டும். துளி இல்லையென்றால் எங்கோ காற்று புகுகிறது.

குல்லாவும் இருக்கிறது, துளியும் இருக்கிறது, ஆனாலும் குச்சி வெந்ததுபோல் கருத்துவிட்டதா? நேர்வெயில் பட்டிருக்கும். மதியம் 12 மணிக்குப் பந்தலில் நின்று பாருங்கள். குல்லாவின் மேல் வெயில் திட்டு விழுகிற வரிசையில்தான் சேதம் கூடுதலாக இருக்கும். 50 சதவீத நிழல்வலை சரியாக இருக்கும்.

பக்குவம் செய்யாத குச்சியும் இந்தப் பட்டியலில்தான் சேரும். மாவில் இது மிக முக்கியம், மிக அதிகமாகத் தவறவிடுவதும் இதுதான். 3, 4 மாத வயதுள்ள, பூக்காத, உருண்டு திரண்ட நுனிக்கிளையைத் தேர்ந்து, அதன் இலைகளை மரத்திலேயே வெட்டிவிட வேண்டும். இலைக்காம்பு மட்டும் அரை செ.மீ. நிற்கட்டும். 7 முதல் 10 நாளில் அந்தக் காம்புகள் பழுத்து, விரல் பட்டதும் உதிரும். நுனிமொட்டு பருத்துக் கூராக நிற்கும், ஆனால் விரிந்திருக்காது. அன்றைக்கு வெட்டுங்கள். காம்பு இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொண்டிருந்தால் குச்சி பக்குவமாகவில்லை. மொட்டு விரிந்து செம்புநிற இலை எட்டிப் பார்த்துவிட்டால் தாமதமாகிவிட்டது. இலையோடு வெட்டிவந்து, கட்டும் இடத்தில் இலையைக் கிள்ளிப்போட்டுக் கட்டுகிறவர்கள் பாதி ஒட்டை அங்கேயே இழக்கிறார்கள்.

வெளியூரிலிருந்து குச்சி வந்தால் ஈரத்துணியில் சுற்றி, பாலித்தீன் பையில் போட்டு, நிழலில் வைத்து 3 நாளுக்குள் கட்டிவிடுங்கள். குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்க வேண்டாம். மாவின் திசு கடும் குளிரில் கெடும்.

துளிர்த்தது, 3 வாரத்தில் வாடிவிட்டது

மனதை ரொம்ப வருத்துவது இந்த வகைதான். துளிர் வந்துவிட்டதே என்று கணக்கில் சேர்த்திருப்போம். ஆனால் குச்சி தன்னிடமிருந்த சேமிப்பை வைத்தே ஒரு முறை துளிர்க்கும். வேரிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் வராமலே இது நடக்கும். சேமிப்பு தீர்ந்ததும் இலை தொங்கிவிடும்.

இங்கே நாடாவை அவிழ்த்து, ஆப்பை (குச்சியின் சீவிய அடிமுனையை) வேர்ச்செடியின் பிளவிலிருந்து மெல்ல உருவிப் பாருங்கள். உள்ளே தெரிவதை வைத்து நான்கு முடிவுக்கு வரலாம்.

வெட்டு முகங்கள் இரண்டும் கருத்து, வழவழவென்று, வெட்டிய அன்றைக்கு இருந்த மாதிரியே தட்டையாக இருக்கின்றன. கேலஸ் என்ற வெண்ணிறத் திசு எங்கும் இல்லை. இது வெட்டுக்கும் கட்டுக்கும் நடுவில் நேரம் கடந்ததன் அடையாளம். மாவை வெட்டினால் பால் கசியும், முகம் சீக்கிரமே பழுப்பாகும். அந்தப் பழுப்புப் படலம் திசுவுக்கும் திசுவுக்கும் நடுவில் சுவராகிவிடும். வேர்ச்செடியின் தலையை முதலில் வெட்டிப் பால் வடியவிட்டு, சுத்தமான துணியால் ஒற்றி எடுத்து, அதன் பிறகு பிளவு போடுங்கள். குச்சியின் ஆப்பைச் சீவிய கையோடு செருகுங்கள். பத்துக் குச்சியை முன்கூட்டியே சீவி அடுக்கி வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஓரத்தில் மட்டும் கேலஸ் இருக்கிறது, நடுவில் இடைவெளி. ஆப்பின் முகம் நேராக இல்லை என்று பொருள். மழுங்கிய கத்தியால் இரண்டு மூன்று இழுப்பில் சீவினால் முகம் அலையலையாகும். ஆப்பு 3 முதல் 4 செ.மீ. நீளம், இரு பக்கமும் ஒரே இழுப்பு. சீவிய ஆப்பை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, கத்தியின் தட்டைப் பக்கத்தை அதன்மேல் வைத்துப் பாருங்கள். இடையில் வெளிச்சம் தெரிந்தால் அது உதவாது.

கேலஸ் இரண்டு பக்கமும் நிறைய இருக்கிறது, ஆனால் ஒன்றையொன்று தொடவில்லை. இது பருமன் பொருந்தாத கோளாறு. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவில் மயிரிழை அளவு பச்சைப் படலம் ஒன்று உண்டு. கேம்பியம் என்பது அதுதான், சேர்க்கை நடப்பது அங்கேதான். பென்சில் பருமன் குச்சியை அதைவிட மெல்லிய செடியின் பிளவுக்கு நடுவில் வைத்தால் இந்தப் படலங்கள் இரு பக்கமும் விலகி நிற்கும். பருமன் ஒத்த குச்சி கிடைக்காதபோது, ஒரு பக்கத்து விளிம்பை மட்டுமாவது துல்லியமாகப் பொருத்துங்கள். நடுவில் வைத்து இரு பக்கமும் தவறவிடுவதைவிட ஒரு பக்கம் சரியாக இருப்பது மேல். தடித்த கொழுந்து விடும் ரகங்களில் சேதம் அதிகம் வருவது இதனால்தான். அதைப் பார்த்துத்தான் "இந்த ரகம் நாட்டு வேரில் ஏறாது" என்ற பேச்சு கிளம்புகிறது. அந்த ரகங்களுக்குத் தடித்த வேர்ச்செடியைத் தனியாகப் பிரித்து வைத்துக் கட்டிப் பாருங்கள், பேச்சு நின்றுவிடும்.

எல்லாம் பொருந்தியிருக்கிறது, ஆனால் வேர்ச்செடியின் முகம் மரமாக இறுகிக் காய்ந்திருக்கிறது. வயது கடந்த செடி. இளந்தண்டு ஒட்டுக்குக் கொட்டை முளைத்த 8 முதல் 15 நாளுக்குள், தண்டு செம்புநிறமாக இருக்கும்போதே கட்ட வேண்டும். பச்சைக்கு மாறி இறுகிவிட்ட செடியை அப்படியே வளரவிட்டு, 8, 10 மாதம் கழித்து அதன் புதுத்துளிரில் மென்தண்டு ஒட்டுக் கட்டுங்கள். நடுவில் உள்ள மாதங்களில் அதன்மேல் கத்தி வைப்பதில் பலன் குறைவு.

கட்டும் நாடா 1.5 முதல் 2 செ.மீ. அகலமுள்ள, இழுத்தால் நீளும் பாலித்தீனாக இருக்கட்டும். கீழிருந்து மேலாக, ஒன்றின்மேல் ஒன்று பாதி ஏறும்படி இழுத்துச் சுற்றுங்கள். கட்டி முடித்ததும் குச்சியின் தலையைப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒட்டுப்பகுதியில் கொஞ்சம் ஆட்டம் தெரிந்தாலும் அவிழ்த்து மறுபடி சுற்றுங்கள்.

பச்சையாகவே நிற்கிறது, துளிர்க்கவில்லை

அவசரப்பட்டுப் பிடுங்காதீர்கள். நகத்தால் பட்டையைக் கீறினால் உள்ளே பச்சை தெரிகிறதா? அப்படியென்றால் உயிர் இருக்கிறது. அடிவாரத்தில் 2, 3 வாரத்தில் துளிர்ப்பது, மேலே ஏறஏறத் தாமதமாகும். கேலஸ் நன்றாக வளர 25 முதல் 30 டிகிரி வெப்பம் வேண்டும். பெரும்பாறை, தாண்டிக்குடி, பண்ணைக்காடு மாதிரி காப்பி விளையும் உயரத்தில் இரவுக் குளிர் அதைத் தூங்க வைத்துவிடும். 45 நாள்வரை பொறுக்கலாம். இதற்கிடையில் ஒட்டுக்குக் கீழே வேர்ச்செடியில் வரும் துளிரை வாரம் ஒரு முறை கிள்ளிவிடுங்கள். அது தலையெடுத்தால் மேலே இருக்கும் குச்சிக்கு எதுவும் போய்ச் சேராது.

மலைத்தோட்டத்துக்கு ஒட்டுச்செடி வேண்டுமென்றால் அடிவாரத்தில் கட்டி, இரண்டு முறை துளிர்த்து இலை இறுகிய பிறகு மேலே கொண்டுபோவதுதான் புத்திசாலித்தனம். மேலேயே கட்டித்தான் ஆக வேண்டும் என்றால், முந்தைய வருடத்துச் செடியில் பங்குனி, சித்திரையில் மென்தண்டு ஒட்டாகக் கட்டுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மார்கழிக் குளிரிலும் வேண்டாம்.

இங்கே ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மா 600 மீட்டர் உயரம்வரைதான் வியாபாரத்துக்கு ஒத்துவரும். அதற்கு மேல் மரம் வளரும், ஆனால் பூக்கும் காலத்துப் பனிமூட்டத்தில் சாம்பல் நோயும் கருகலும் பூவைக் கொட்டிவிடும். ஒட்டுச்செடி மேலே நன்றாகப் பிழைத்து, பத்து வருடமாகக் காய்க்காமல் நின்றால் அதற்கு வேரோ ஒட்டோ பொறுப்பில்லை.

முளைத்த செடி அடியில் அழுகிச் சாய்கிறது

கொட்டையை எடுத்துப் பாருங்கள். உள்ளே துளையும் தூளும் இருந்தால் கொட்டை வண்டு. தண்டின் அடி நீர்கோத்துக் கருத்திருந்தால் பையில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. விதைக்கும் முன் கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதை ஒதுக்கிவிடுங்கள். பழத்திலிருந்து எடுத்த கொட்டை ஒரு மாதத்துக்குள் முளைப்புத்திறனை இழந்துவிடும் என்பதால் சேர்த்து வைக்காதீர்கள். வளைந்த முதுகு மேலே இருக்கும்படி ஊன்றினால் தண்டு நேராக வரும். கழுத்து வளைந்த செடியில் பிளவு நேராகப் போடவே முடியாது, அதை ஒதுக்கிவிடுவது நல்லது.

ஒட்டுப்பகுதி வீங்கியிருக்கிறது

முதலில் நாடாவைத் தேடுங்கள். 3 மாதம் கடந்தும் அவிழ்க்காத நாடா, தண்டு பருக்கப் பருக்கப் பட்டைக்குள் புதைந்துபோகும். மேலே வீக்கம், கீழே இடுக்கு, இலை சிறுத்து மஞ்சள். பார்ப்பவர் ஒவ்வாமை என்றே சொல்வார். புதைந்த நாடாவைச் சுற்றி இழுத்து உருவினால் பட்டையும் சேர்ந்து வரும். ஆகவே ஒரு பக்கத்தில் மட்டும் நெடுக்காகக் கத்தியால் கீறி விட்டுவிடுங்கள், தண்டு பருக்கும்போது அது தானே கழன்றுவிடும். வளர்ச்சி ஒரு துளிர்ப்பிலேயே தேறும். தேறினால் காரணம் உறுதி. ஒட்டுச்செடி வாங்கும்போதும் இதைப் பார்த்து வாங்குங்கள். நட்ட பிறகு நாடா மறந்துபோன செடிகள் இரண்டாம் வருடக் காற்றில் அந்த இடுக்கில்தான் ஒடியும்.

நாடா இல்லை, ஆனாலும் மேல்பகுதி கீழ்ப்பகுதியைவிடத் தடிப்பு, அல்லது கீழ்ப்பகுதி யானைக்கால் மாதிரி தடித்து மேல் மெலிவு. இது மாவில் சாதாரணம். இரண்டு பாகமும் தத்தம் வேகத்தில் பருக்கின்றன, அவ்வளவுதான். பருமன் வித்தியாசத்தை மட்டும் பார்த்து மரத்தை வெட்ட வேண்டாம். பார்க்க வேண்டியது பட்டையை. ஒட்டுப்பகுதியின் மேல் பட்டை தொடர்ச்சியாக ஓடினால் மரம் நலம். சுற்றிலும் பள்ளமான கோடு விழுந்து, அதில் வெடிப்பும் பிசின் கசிவும் இருந்து, மேலே இலை காலத்துக்கு முன்பே பழுத்து, கிளைப்பரப்பு வருடத்துக்கு வருடம் சுருங்கினால்தான் யோசிக்க வேண்டும். அந்த நான்கும் சேர்ந்து வர வேண்டும், ஒன்று மட்டும் போதாது.

காற்றில் ஒட்டுப்பகுதியில் முறிந்தது

முறிந்த முகம் உண்மையைச் சொல்லிவிடும். மண் படும் முன் எடுத்துப் பாருங்கள்.

நார்நாராகக் கிழிந்து, கட்டையின் சிராய்கள் நீட்டிக்கொண்டிருந்தால் சேர்க்கை நன்றாகவே இருந்திருக்கிறது. காற்றின் பலம், அல்லது கொம்பு நட்டுத் தாங்கல் கட்டாதது காரணம். ஒரு பாதி கிழிசல், மறுபாதி வழவழப்பு என்றால் ஒரு பக்கம் மட்டும் ஒட்டியிருந்தது. கட்டிய அன்றைக்குப் பருமன் பொருந்தவில்லை. முழு முகமும் வெட்டி வைத்ததுபோல் வழவழவென்று, நடுவில் பழுப்புக் கோடாகப் பட்டைத் திசு புகுந்திருந்தால் அதுவே மெய்யான ஒவ்வாமையின் முகம். அதே தொகுதியில் இன்னும் இரண்டு மூன்று மரத்தில் இப்படிக் கண்டால்தான் அந்தக் கூட்டணியைக் கைவிட வேண்டும். ஒற்றை மரத்தை வைத்து முடிவுக்கு வருவது சரியில்லை.

அந்த மெய்யான ஒவ்வாமை நம் பக்கம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மலையோரத்தில் காட்டுமா என்ற பெயரில் நாற்றோ கொட்டையோ எடுத்துவரும்போது. அந்தப் பெயரில் இரண்டு மரம் உண்டு. ஒன்று காட்டில் தானாக முளைத்த மா. அதில் ஒட்டுச் சேரும். மற்றது அம்பழம், சிலர் மாம்புளிச்சி என்பார்கள். அது மாவின் குடும்பம்தான், ஆனால் வேறு பேரினம். காயும் புளிக்கும், கொட்டையும் நாராக இருக்கும், வாசனையும் மாவை நினைவுபடுத்தும், அதனால் ஏமாறுவது எளிது. இலையைப் பார்த்தால் குழப்பம் தீரும்: மாவுக்கு ஒரு காம்பில் ஒரே இலை. அம்பழத்துக்கு வேப்பிலை மாதிரி ஒரு ஈர்க்கில் இரு பக்கமும் பல சிற்றிலைகள். அம்பழத்தில் மாவைக் கட்டினால் குச்சி கொஞ்ச நாள் பச்சையாக நின்று ஏமாற்றலாம், மரமாகாது. முந்திரியும் அப்படித்தான், குடும்பம் ஒன்று என்பதற்காக முயல வேண்டாம்.

ஒரே ரகம், ஒரே வயது, மரங்கள் மட்டும் ஏற்ற இறக்கம்

இங்கேதான் வேர்ச்செடி முழுப் பொறுப்பாளி. பழச்சாறு ஆலையிலிருந்து மூட்டையாக வரும் கொட்டை மலிவு. ஆனால் நீலம், பெங்களூரா, அல்போன்சா எல்லாம் ஒரு கொட்டைக்கு ஒரே கரு உள்ளவை. மகரந்தம் எங்கிருந்து வந்ததோ அதற்கேற்ப ஒவ்வொரு செடியும் வேறுவேறு. அந்தச் செடிகளில் நூறு ஒட்டுக் கட்டினால் மேலே ஒரே நீலம், கீழே நூறு விதமான வேர். ஐந்தாவது வருடம் தோப்பில் நின்று பார்த்தால் ஒன்று பந்தலாக விரிந்திருக்கும், பக்கத்து மரம் பாதி உயரத்தில் நிற்கும்.

இதற்கு மருந்து பல கரு உள்ள ரகங்கள். கேரளத்துக் குருக்கன், ஓலூர், சந்திரக்காரன், மூவாண்டன், மேற்குக் கடற்கரைப் பப்பாக்காய், இவையும் வெள்ளைக்கொளம்பனும் அந்த வகை. ஒரு கொட்டையில் பல முளை கிளம்பும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் அச்சு, மகரந்தக் கலப்பில்லாதவை. அதனால் தோப்பு சீராக வரும். அந்த முளைகளில் ஒன்று கலப்புச் செடியாகவும் இருக்கலாம். கூட்டத்தோடு சேராமல் மிகக் குள்ளமாகவோ மிக நெட்டையாகவோ நிற்பதையும், இலையைக் கசக்கினால் வாசனை மாறுபடுவதையும் ஒதுக்குங்கள். மற்றவற்றைக் கொட்டையிலிருந்து வேரோடு பிரித்துத் தனிப்பையில் வைக்கலாம்.

மரத்தின் அளவைக் குறைக்க வேண்டும் என்றால் வெள்ளைக்கொளம்பன் நல்ல தேர்வு. அல்போன்சாவை அதன்மேல் ஏற்றினால் மரம் அடங்கி வளரும். ஆனால் எல்லா ரகத்துக்கும் ஒரே அளவு அடக்கம் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வேரும் ரகமும் சேர்ந்துதான் அளவைத் தீர்மானிக்கின்றன. அம்ரபாலி போல மேல்ரகமே குட்டையானது என்றால் எந்த வேரிலும் ஓரளவு குட்டையாகவே நிற்கும். மேட்டாங்காட்டில், மானாவாரியாக, ஆழமில்லாத செம்மண்ணில் நடுபவர்கள் அடக்கும் வேரைத் தவிர்ப்பது நல்லது. அங்கே நாட்டு மாவின் ஓடும் வேர்தான் மரத்தைக் காப்பாற்றும்.

ஏற்கெனவே ஏற்ற இறக்கமாக நிற்கும் தோப்பை வேரை மாற்றிச் சரிசெய்ய வழியில்லை. கவாத்து செய்து கிளைப்பரப்பைச் சமப்படுத்தலாம். சோடை மரங்களைக் கணக்கெடுத்து மாற்று நடவு செய்யலாம். குழியில் புதுக்கன்று வைக்கும்போது பழைய வேரை முழுக்கத் தோண்டி எடுத்துவிடுங்கள்.

இலை நுனி கருகல், கொழுந்து மஞ்சள்

முதிர்ந்த இலையின் நுனியும் விளிம்பும் செங்கல் நிறத்தில் கருகினால் உப்பு. போர் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுங்கள். மா உப்பைத் தாங்காத பயிர். தண்ணீரின் உப்பைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 1.5 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே கவனம் வேண்டும். மழைக்காலத்தில் தேறி, பங்குனியில் மறுபடி கருகினால் சந்தேகமே வேண்டாம். இஸ்ரேலில் உருவான 13-1 என்ற வேர்ச்செடி உப்பும் சுண்ணாம்பும் உள்ள மண்ணுக்காகவே தேர்ந்தெடுக்கப்பட்டது. அது கிடைக்காதவர்கள் அந்தத் தண்ணீரில் வருடக்கணக்காகப் பச்சையாக நிற்கும் உள்ளூர் நாட்டு மரத்தைத் தேடி அதன் கொட்டையை எடுத்துப் பார்க்கலாம்.

கொழுந்து மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து எட்டவில்லை. லிட்டருக்கு 5 கிராம் பெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து துளிர் விரியும்போது தெளியுங்கள். பச்சை திரும்பினால் ஒட்டின் மேல் குற்றமில்லை.

நட்டது இமாம் பசந்த், காய்த்தது வேறு

ஒட்டுக்குக் கீழிருந்து வந்த கிளை மேலே ஏறி, ஒட்டுக்கிளை செத்திருக்கும். கிளையைத் தொட்டபடியே கீழே இறங்கி, எங்கே கிளம்புகிறது என்று பாருங்கள். நடும்போது ஒட்டுப்பகுதி மண்ணுக்கு மேல் 10 முதல் 15 செ.மீ. தெரிந்தால் இதை முதல் மாதத்திலேயே கண்டுபிடித்துக் கிள்ளிவிடலாம். மண்ணுக்குள் புதைந்தால் கண்ணுக்கும் தெரியாது, கழுத்தழுகலும் வரும். கிளை ஒட்டுக்கு மேலிருந்துதான் வருகிறது என்றால் குச்சி எடுத்த தாய்மரமே வேறு. அதற்கு அட்டையைத்தான் கேட்க வேண்டும்.

பழைய மரத்தில் மேலொட்டு நிலைக்கவில்லை

விலைபோகாத நாட்டு மரத்தை நல்ல ரகமாக மாற்றுவது அருமையான வேலை, ஆனால் பொறுமை வேண்டும். ஒரே நாளில் எல்லாக் கிளையையும் மொட்டையடித்தால் மரம் அதிர்ந்துபோகும், வெயிலில் பட்டை வெடிக்கும். ஒன்றிரண்டு தாய்க்கிளையை விட்டுவைத்து மற்றதை வெட்டுங்கள். வெட்டு முகத்தில் போர்டோ பசை பூசுங்கள்: மயில்துத்தம் 1 கிலோ, சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, தண்ணீர் 10 லிட்டர், இரண்டையும் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் 5 லிட்டரில் கரைத்துப் பிறகு ஒன்றாக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது.

வெட்டிய கிளையில் கொத்தாகத் துளிர்க்கும். எல்லாவற்றிலும் கட்டாமல், கிளைக்கு 3 அல்லது 4 மட்டும் தேர்ந்து நிறுத்துங்கள். அவை திசைக்கொன்றாக, கிளையோடு அகலமாக ஒட்டி நிற்பவையாக இருக்கட்டும். புதுத்துளிர் பென்சில் பருமனானதும் மென்தண்டு ஒட்டு. ஒட்டு சேர்ந்து, இரண்டாம் வருடம் மொத்தக் கொப்பும் பிய்ந்து விழுகிறதா? எங்கே பிய்ந்தது என்று பாருங்கள். ஒட்டில் இல்லாமல், துளிர் பழைய கிளையோடு சேரும் இடத்தில் பிய்ந்திருக்கும். அங்கே பிடிமானம் வலுப்பட 2 வருடம் ஆகும். அதுவரை மூங்கில் வைத்து இழுத்துக் கட்டுங்கள். வெட்டிய கிளையில் மரத்தூள் கொட்டினால் தண்டுத்துளைப்பான் புகுந்திருக்கிறது. துளையில் கம்பியை விட்டுப் புழுவைக் குத்தி எடுத்து, களிமண்ணால் அடையுங்கள்.

எல்லாம் பார்த்தாகிவிட்டது, இன்னும் ஒவ்வாமைதான் என்று தோன்றுகிறது

அப்படியானால் சோதித்துப் பார்த்துவிடலாம். ஒரே மரத்துக் கொட்டையிலிருந்து வந்த, ஒரே வயதுள்ள 60 வேர்ச்செடிகளை எடுத்துக்கொள்ளுங்கள். 20 செடியில் சந்தேகத்துக்குரிய ரகம். 20 செடியில் நீலம். உங்கள் பக்கத்தில் எளிதாகப் பிடிக்கும் வேறு ரகமானாலும் சரி. மீதி 20 செடியில் அதே செடியின் தலையை வெட்டி, அதையே ஆப்பாகச் சீவி அதே தண்டில் செருகிக் கட்டுங்கள். ஒரே ஆள், ஒரே கத்தி, ஒரே நாள், ஒரே பந்தல். வரிசைகளைக் கலந்து அடுக்குங்கள், ஒரு வகை முழுக்கக் காற்றோரம் போய்விடக் கூடாது.

45 நாளில் எண்ணுங்கள். தன்மேல் தானே கட்டிய 20 செடியும் தோற்றிருந்தால் கை, கத்தி, காற்று மூன்றில் ஒன்று காரணம். ஒவ்வாமை பற்றிப் பேச இடமே இல்லை. அவை பிடித்து, நீலமும் பிடித்து, மற்ற ரகம் மட்டும் தோற்றால் அந்தத் தாய்மரத்தின் குச்சியைச் சந்தேகியுங்கள். அதே ரகத்தின் வேறொரு மரத்திலிருந்து குச்சி எடுத்து மறுபடி 20 கட்டுங்கள். அதுவும் தோற்றால் அந்த ரகத்தை வேறொரு வேரில், ஓலூரிலோ குருக்கனிலோ கட்டுங்கள். இந்தப் புது வேரில் பிடித்து, முதலில் கட்டிய வேரில் பிடிக்காவிட்டால் உங்கள் சந்தேகம் நியாயமானது. அந்த முதல் வேரையும் ரகத்தையும் இனிச் சேர்க்க வேண்டாம். அட்டையில் தேதியோடு எழுதி வைத்து, குச்சி கேட்டு வரும் பக்கத்துத் தோட்டக்காரருக்கும் காட்டுங்கள். பிடித்தவற்றைத் தோப்பின் ஒரு ஓரத்தில் 3 வருடம் நிறுத்திவையுங்கள். தாமதமாக வரும் வெடிப்பும் வழவழ முறிவும் அதற்குள் பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும்.